ஆல்டர்னேட்டர் போனால் புதியதா, பழுது பார்த்ததா? வணிகர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு



அரிசி, பருப்பு, எண்ணெய், வத்தல் விலை நிலவரம் எழுத வேண்டிய இதழில் வண்டியின் ஒரு மின்சாரப் பாகத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். எங்கள் விருதுநகர் போன்ற சந்தை ஊர்களில் ஒரு காலத்தில் தராசும் கல்லாப்பெட்டியும் இருந்தால் கடை நடந்தது. வாங்குகிறவர் மாட்டு வண்டியோ மூன்று சக்கர சைக்கிளோ கொண்டுவந்து சரக்கை ஏற்றிச் சென்றார். இன்று நிலைமை வேறு. சில்லறைக் கடைக்காரர் போனில் ஆர்டர் சொல்கிறார். மொத்த வியாபாரி வண்டியில் கொண்டுபோய் இறக்க வேண்டும். 2005-இல் டாட்டா ஏஸ் வந்தபோது அதற்கு ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்துக் கடைக்குக் கடை வாங்கி நிறுத்தினோம். 2011-இல் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மகேந்திரா பிக்-அப் வைத்திருப்போரும் நம்மில் ஏராளம். ஆகவே வண்டி இன்று தராசைப் போலவே நம் தொழில் கருவி. தராசின் முத்திரையில் கவனமாக இருக்கும் நாம், வண்டியின் பாகங்களில் அந்தக் கவனத்தைக் காட்டுகிறோமா என்பதே என் கேள்வி.

நம் உறுப்பினர்களிடையே இரண்டு கருத்துகள் உலவுகின்றன. “ஆல்டர்னேட்டர் போய்விட்டதா, யோசிக்காமல் கம்பெனிப் புதியதை வாங்கி மாட்டு” என்பது ஒரு சாரார் கருத்து. “புதியதற்கு அவ்வளவு பணம் எதற்கு? ரீகண்டிஷன் பாதி விலைக்குக் கிடைக்கிறது” என்பது மற்றொரு சாரார் கருத்து. இரண்டையும் நான் அப்படியே ஏற்கவில்லை. என்ன பழுது என்று தெரிந்து, கண் முன்னே பிரித்து, பில்லோடு செய்து தரும் பழுதுபார்ப்பு நல்லது. பழுது அதைத் தாண்டிப் போயிருந்தால், பில்லோடு புதியது நல்லது. எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன மாற்றினார்கள் என்று சொல்ல ஆளில்லாத ‘ரீகண்டிஷன்’ எந்த விலைக்கும் வேண்டாம். இதற்கான காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

வண்டி நின்றால் எது எது நிற்கிறது?

ஆல்டர்னேட்டர் என்பது என்ஜின் ஓடும்போது பெல்ட் மூலம் சுழன்று, வண்டிக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கி, பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றும் கருவி. பழைய வண்டிகளில் டைனமோ இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் பல மெக்கானிக்குகள் ஆல்டர்னேட்டரை ‘டைனமோ’ என்றுதான் சொல்கிறார்கள். அது வேலை செய்யாவிட்டால் வண்டி பேட்டரியில் மிச்சமுள்ள சக்தியை மட்டும் தின்றுகொண்டு ஓடும். பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் வண்டியானால், ஒரு முறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பகல் வேளையில் எப்படியாவது ஊர் வந்து சேரும். 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ்.-6 டீசல் வண்டிகள் அப்படியல்ல. டீசல் பாய்ச்சுவது முதல் சென்சார் வரை எல்லாம் மின்சாரத்தில் நடப்பதால், பேட்டரி இறங்கியதும் என்ஜின் நின்றுவிடும்.

நடுவழியில் வண்டி நின்றால் நமக்கு வரும் செலவு ஆல்டர்னேட்டர் விலை மட்டுமல்ல. வேறு வண்டி வாடகைக்குப் பிடிக்க வேண்டும். மூட்டைகளை மாற்றி ஏற்றக் கூலி தர வேண்டும். டிரைவருக்கும் லோடுமேனுக்கும் வெட்டியாகப் படி தர வேண்டும். ஈ-வே பில் போட்ட சரக்கானால், மாற்று வண்டியின் எண்ணை அதில் பதிவு செய்யாமல் சரக்கை நகர்த்தக் கூடாது. சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பதே அந்தப் பில்லின் ஆயுள். அது முடிவதற்கு 8 மணி நேரம் முன்போ முடிந்து 8 மணி நேரத்திற்குள்ளோ நீட்டிப்புக் கேட்க வேண்டும். இரவில் சாலையோரம் நிற்கும் டிரைவருக்கு இதெல்லாம் தெரியுமா? இவற்றுக்கு மேல், காலையில் சரக்குக்காகக் காத்திருந்த சில்லறைக் கடைக்காரர் அன்று வேறு மண்டியில் வாங்கிவிடுவார். அவர் மறுபடியும் நம்மிடம் வர எத்தனை நாளாகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் செலவுகள் பற்றுவரவு நோட்டில் ‘ஆல்டர்னேட்டர்’ என்ற தலைப்பில் ஏறுவதில்லை. வாடகையிலும் கூலியிலும் படியிலும் சிதறிக் கிடக்கின்றன. அதனால்தான் மலிவாக வாங்கியதில் லாபம் என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலில் நோய் என்ன என்று பாருங்கள்

‘ஆல்டர்னேட்டர் போய்விட்டது’ என்று மெக்கானிக் சொன்னவுடன் பணத்தை எண்ணி வைக்க வேண்டாம். சார்ஜ் ஏறாமல் போக ஆல்டர்னேட்டர் மட்டுமே காரணமல்ல. பெல்ட் தளர்ந்து வழுக்கினாலும் சார்ஜ் ஏறாது. பேட்டரி டெர்மினலில் பச்சைப் பூப்பு பூத்திருந்தாலும், என்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தாலும், பியூஸ் போயிருந்தாலும் ஏறாது. பேட்டரியே ஆயுள் முடிந்ததாக இருந்தால் எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது.

எங்கள் மண்டி வண்டி ஒன்றில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சார்ஜ் விளக்கு அணையாமல் எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆல்டர்னேட்டரை முழுதாக மாற்றச் சொல்லி எஸ்டிமேட் எழுதினார்கள். நீண்ட காலமாக செல்ஃப்-டைனமோ வேலை பார்த்துவரும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் காட்டச் சொன்னேன். அவர் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், எர்த் ஒயரைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பெல்ட்டை இறுக்கினார். விளக்கு அணைந்தது. அந்த ஆல்டர்னேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒர்க்‌ஷாப்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சோதிக்காமல் மாற்றுவது யாருக்கும் எளிது, செலவு மட்டும் நம்முடையது என்பதற்காகவே எழுதுகிறேன்.

சோதிப்பது பெரிய வித்தையல்ல. சில நூறு ரூபாயில் ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். என்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பேட்டரியில் வைத்துப் பார்த்தால் நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு அளவுக்கு மேல் ஏற்றுகிறது. பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றி, பேட்டரியும் போகும். ஹெட்லைட்டையும் போட்டு இன்னொரு முறை பாருங்கள். விளக்கைப் போட்டதும் வோல்ட் வெகுவாக இறங்கினால் சுமை தாங்கவில்லை என்று அறியலாம்.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சார்ஜ் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஸ்டார்ட் செய்த பிறகும் எரிந்தால் கோளாறு. சாவி போட்டபோது எரியவே இல்லையென்றாலும் கோளாறுதான். பல வண்டிகளில் அந்த விளக்கின் வழியாகப் போகும் சிறிதளவு மின்சாரத்தால்தான் ஆல்டர்னேட்டர் வேலையைத் தொடங்குகிறது. பல்பு போனதற்கு ஆல்டர்னேட்டரை மாற்றியவர்களும் உண்டு.

உள்ளே இருப்பவை

பழுது ஆல்டர்னேட்டரில்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அது முழுதும் போய்விட்டது என்று பொருளல்ல. அதற்குள் பல பாகங்கள் உள்ளன. நடுவில் சுழலும் ரோட்டர். அதைச் சுற்றி அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் காயில். ரோட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கார்பன் பிரஷ்கள். வோல்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் டயோடு பிளேட். முன்னும் பின்னும் இரண்டு பேரிங்.

கார்பன் பிரஷ் தேயத்தான் செய்யும். அது செருப்பின் அடி தேய்வது போல. பேரிங்கும் ஓட ஓடச் சத்தம் போடும். ரெகுலேட்டரும் டயோடும் சூட்டினாலும் தவறான இணைப்பினாலும் போகும். இரவு நிறுத்திய வண்டி காலையில் பேட்டரி இறங்கிக் கிடந்தால், டயோடு வழியாகக் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த நான்கும் கடையில் கிடைக்கும் பாகங்கள். நல்ல தரமானதாக வாங்கி, தெரிந்தவர் கையால் மாற்றினால் அந்த ஆல்டர்னேட்டர் இன்னும் பல காலம் உழைக்கும். இதற்குப் போய் முழுப் புதியது வாங்குவது, வாளிக்குக் கைப்பிடி உடைந்ததற்குக் கிணற்றை மாற்றுவது போலாகும்.

ஸ்டேட்டர் காயில் எரிந்து கருகியிருந்தால் கதை வேறு. காயில் கட்டலாம், கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கம்பியின் பருமன், சுற்றுகளின் எண்ணிக்கை, வார்னிஷ் ஆகியவை சரியாக இருந்தால்தான் பழைய சக்தி வரும். கைத்திறன் உள்ளவரைத் தெரிந்தால் மட்டுமே இதற்குப் போக வேண்டும். ரோட்டரும் எரிந்து, மூடியில் பேரிங் உட்காரும் இடமும் தேய்ந்து ஆடுகிறது என்றால், பேசாமல் புதியது வாங்குங்கள். அந்த நிலையில் பழுது பார்ப்பதில் சிக்கனம் இல்லை.

பிரேக்கும் இதில் இருக்கிறது

நம்மில் பலர் அறியாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நம் டீசல் சரக்கு வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே வேக்குவம் பம்ப் பொருத்தியிருக்கும். பிரேக் மிதிக்கும்போது காலுக்கு உதவியாக பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தை உண்டாக்குவது அந்தப் பம்ப். ஆல்டர்னேட்டரின் அச்சே அதையும் சுழற்றுகிறது. ஆகவே பெல்ட் அறுந்தால் சார்ஜும் நிற்கும், சிறிது நேரத்தில் பிரேக்கும் கட்டையாகிவிடும். முழு லோடு ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும் வண்டியில் பிரேக் கட்டையானால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பம்புக்கு என்ஜின் ஆயில் போகிறது. அதன் ஆயில் சீல் போனால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் கசிந்து பிரஷையும் காயிலையும் கெடுக்கும். ஆல்டர்னேட்டருக்குள் ஆயில் பிசுக்கு இருந்தும் சீலைப் பார்க்காமல் பிரஷை மட்டும் மாற்றி அனுப்பினால் சில வாரங்களில் அதே பழுது திரும்பவும் வரும். இத்தகைய வண்டிக்கு ஆல்டர்னேட்டர் வேலை செய்யும்போது, பம்ப், சீல், ஆயில் குழாய், வேக்குவம் குழாய் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். முன்பின் தெரியாத ‘ரீகண்டிஷன்’ வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். இதில் போவது பணம் மட்டுமல்ல. டிரைவரின் உயிரும், எதிரே வருகிறவர் உயிரும் இருக்கின்றன.

‘ரீகண்டிஷன்’ என்ற ஒரே சொல், மூன்று சரக்கு

நல்லெண்ணெய் என்று ஒரே பெயரில் மூன்று தரம் சந்தையில் இருப்பது நமக்குத் தெரியும். ரீகண்டிஷனும் அப்படித்தான். நம் சொந்த ஆல்டர்னேட்டரையே கொடுத்து, கெட்ட பாகங்களை மாற்றி, அதையே திரும்ப வாங்குவது முதல் வகை. இதில் மறைக்க ஒன்றுமில்லை. பழையதை வாங்கிக்கொண்டு, முழுதாகப் பிரித்து, தேயும் பாகங்கள் அனைத்தையும் புதிதாக்கி, சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்து, தன் பெயரையும் வாரண்டியையும் போட்டு விற்பது இரண்டாம் வகை. மேல்நாடுகளில் இது பெரிய தொழில். பழையதைத் திருப்பித் தரும்வரை ஒரு தொகையை முன்பணமாகப் பிடித்துவைப்பார்கள். கொண்டுவந்து கொடுத்தால் திருப்பித் தருவார்கள். நாம் சோடா பாட்டிலுக்கு டெபாசிட் வாங்கியது போலத்தான்.

மூன்றாம் வகைதான் ஆபத்து. காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பழையதை டீசலில் கழுவி, வெள்ளி பெயிண்ட் அடித்து, ஓடாததை மட்டும் மாற்றி விற்பது. சில சமயம் பிரபல கம்பெனியின் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். போன்ற நிறுவனங்களின் பெயருக்குச் சந்தையில் இருக்கும் மதிப்பே போலிக்காரர்களுக்கு முதல். பிறர் சின்னத்தைப் பொய்யாக ஒட்டுவது 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தக் குற்றத்துக்குத் துணை போகாமலிருக்க நாம் செய்ய வேண்டியது, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குவது.

அமெரிக்காவில் மத்திய வர்த்தக ஆணையம் இதற்கென்றே வழிகாட்டி நெறி வைத்திருக்கிறது. பழைய பாகத்தைச் சீர்செய்து விற்றால், அது பழையது என்பதை விற்பவர் வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நாம் பழைய அரிசியைப் பழைய அரிசி என்றும் புது அரிசியைப் புது அரிசி என்றும் பிரித்து விற்கிறோம். வண்டிப் பாகத்துக்கும் அந்த நேர்மை வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே வருபவை விலைப்பட்டியல் அல்ல. கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். தங்கள் வண்டிக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். புதியது 10,000 ரூபாய், 4 ஆண்டுகள் உழைக்கிறது என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 208 ரூபாய். தெரிந்தவரிடம் பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் மாற்ற 3,000 ரூபாய் ஆகி 2 ஆண்டுகள் ஓடினால் மாதத்துக்கு 125 ரூபாய். பெயர் தெரியாத ரீகண்டிஷன் 5,000 ரூபாய்க்கு வாங்கி 8 மாதத்தில் நின்றால் மாதத்துக்கு 625 ரூபாய். அது நின்ற நாளில் மாற்று வண்டி வாடகை, கூலி, படி என்று 3,000 ரூபாய் சேர்ந்தால் மொத்தம் 8,000. மாதத்துக்கு 1,000 ரூபாய். பாதி விலைக்கு வாங்கியதாக நாம் மகிழ்ந்தது ஐந்து மடங்கு செலவில் முடிகிறது.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் உள்ளிட்ட வண்டி பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 10,000 ரூபாய் சரக்குக்கு முன்பு 2,800 ரூபாய் வரி, இப்போது 1,800. சாதாரண முறையில் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர், வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் சரக்கு வண்டிக்குப் பில்லோடு வாங்கினால் அந்த 1,800 ரூபாயையும் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக் காருக்கு இது பொருந்தாது. காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. ஆக, பதிவு பெற்ற வணிகர் ஒருவர் “பில் இல்லாமல் கொடுங்கள், வரி மிச்சம்” என்று கேட்டு வாங்கினால், திரும்பி வரக்கூடிய பணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி வாரண்டியை இழக்கிறார். உள்ளூர் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பில் கேட்க நமக்கே கூச்சமா?

நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் பில் கேட்டால் கொடுக்கிறோம். பில் இல்லாமல் விற்கும் போட்டியாளரைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் குறை சொல்கிறோம். ஆனால் வண்டி வேலைக்குப் போகும்போது மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிய தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். பிறகு பாகம் மூன்றாம் வாரத்தில் நின்றால் யாரிடம் போய்க் கேட்பது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வியாபார நோக்கத்துக்காகப் பொருள் வாங்குகிறவர் ‘நுகர்வோர்’ என்ற வரையறையில் வருவதில்லை. சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்குகிறவருக்கு விலக்கு உண்டு. தானே வண்டி ஓட்டிப் பிழைக்கும் சிறு வியாபாரி இந்த விலக்கைக் கேட்கலாம். நான்கு வண்டி வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கு அது கடினம். ஆகவே நம்மைப் போன்றவர்களுக்குப் பில்லும், அதில் எழுதிய வாரண்டியுமே பாதுகாப்பு.

“சிறிய டைனமோக் கடைக்காரர் பில்லுக்கு எங்கே போவார்?” என்று கேட்கலாம். சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாதே தவிர, ரசீது தரத் தடை ஒன்றுமில்லை. கடைப் பெயர், தேதி, வண்டி எண், மாற்றிய பாகங்கள், அவற்றின் கம்பெனிப் பெயர், எத்தனை மாதம் பொறுப்பு என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதும். மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையான தொழிலாளி இதற்கு ஒருபோதும் முகம் சுளிக்க மாட்டார்.

சிறு தொழிலாளியை ஒதுக்கக் கூடாது

“கம்பெனிப் புதியது மட்டும்தான்” என்று சொல்லும் நண்பர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். பெரிய பேரங்காடியும் ஆன்லைன் வியாபாரமும் வந்தபோது, “உங்கள் தெருக் கடைக்காரரை மறந்துவிடாதீர்கள்” என்று மக்களிடம் கேட்டவர்கள் நாம். கண்ணாடி ஷோரூம் இல்லை என்பதற்காகத் தெருமுனை எலக்ட்ரீசியனை நாமே ஒதுக்கினால், அந்தப் பேச்சுக்கு என்ன மதிப்பு? இரவு 9 மணிக்குச் சாலையில் வண்டி நின்றால் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு பைக்கில் வருகிறவர் அவர்தான். வேலை கிடைக்காமல் அவர் கடையை மூடினால், பின்னர் நாம் எதற்கெடுத்தாலும் முழு யூனிட்டையும் மாற்ற வேண்டியதுதான்.

பழுது பார்க்கும் உரிமை இன்று அரசும் பேசும் விஷயம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் இதற்கெனக் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அதில் எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. பாகங்கள் தனித்தனியே கிடைக்க வேண்டும், பழுது பார்க்கும் முறை வெளியாருக்கும் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். வணிகர் சங்கங்கள் இதற்குக் குரல் கொடுக்க வேண்டும். அதே சமயம், புதிய வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரை என்ஜின் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துகிறது என்பதையும், அவற்றுக்கு ஏதோ ஒரு ரெகுலேட்டரைப் போட்டு ஓட்ட முடியாது என்பதையும் நம் தொழிலாளர்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

டிரைவருக்குச் சொல்ல வேண்டியவை

ஆல்டர்னேட்டர் கெடுவதில் பாதி நம் பழக்கத்தால் வருகிறது. சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றுவது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டர் வண்டியில் அப்படிச் செய்தால் டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும். வேறு வண்டிப் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது பிளஸ், மைனஸ் மாறினாலும் அதே கதிதான். பாடியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸில் அழுத்தத் தண்ணீரை ஆல்டர்னேட்டர் மீது நேராகப் பாய்ச்ச விடாதீர்கள். கூடுதல் விளக்கு, ஏர் ஹார்ன், பாட்டுப் பெட்டி என்று மாட்டிக்கொண்டே போனால் அது தாங்காது. அடியோடு இறங்கிய பேட்டரியைத் தனியாகச் சார்ஜ் ஏற்றாமல், புதிதாக மாட்டிய ஆல்டர்னேட்டரின் தலையில் முழுச் சுமையையும் கட்டாதீர்கள். மாதம் ஒரு முறை பெல்ட்டையும் வோல்டையும் பார்த்து நோட்டில் குறித்து வைத்தால் பெரும்பாலான பழுதுகள் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

சங்க நிர்வாகிகள் மூன்று காரியங்களைச் செய்யலாம். முதலாவது, ரசீதும் 6 மாதப் பொறுப்பும் எழுதித் தரச் சம்மதிக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன்களின் பட்டியலை ஊர்வாரியாகத் தயாரித்து உறுப்பினர்களுக்குத் தரலாம். அவர்களுக்கு நிலையான வேலை, நமக்கு நிலையான பொறுப்பு. இரண்டாவது, ஒரே ரக வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நல்ல ஆல்டர்னேட்டரைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். யாருடைய வண்டி நின்றாலும் அதை மாட்டி ஓட்டிவிட்டு, தம்முடையதை அவசரமில்லாமல் பழுது பார்த்துக்கொள்ளலாம். அவசரத்தில்தான் நாம் பெயர் தெரியாத சரக்கை வாங்குகிறோம். அந்த அவசரம் இல்லாவிட்டால் அந்தச் சரக்குக்கு நம்மிடம் வேலையில்லை. மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு நாள் டிரைவர்களுக்கு மேற்சொன்னவற்றை ஒரு எலக்ட்ரீசியனைக் கொண்டே செய்து காட்டச் சொல்லலாம். இதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. ஒரு வேளைச் சாப்பாடும் டீயும் போதும்.

யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது என்பார்கள். கணக்குப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நாம் வணிகர்கள், கணக்குப் பார்க்காமல் நம்மால் இருக்க முடியாது. கணக்கை முழுதாகப் பாருங்கள் என்கிறேன். பாகத்தின் விலையோடு வண்டி நிற்கும் நாளின் விலையையும், டிரைவரின் பாதுகாப்பையும், காத்திருக்கும் கடைக்காரரின் நம்பிக்கையையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அடுத்த முறை வண்டியில் சார்ஜ் விளக்கு எரிந்தால் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழுது எதுவென்று தெரிந்த பிறகு பழுது பார்ப்பதா, புதியது வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள். எதைச் செய்தாலும் பில்லோடு செய்யுங்கள். சங்கம் பட்டியல் தயாரிக்க முன்வந்தால், எங்கள் ஊர் எலக்ட்ரீசியன்களிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். மற்ற ஊர்களிலும் மூத்த வணிகர்கள் யாரேனும் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.